துருக்கியில் அபயமும் பதிவேடும்

1951-ஆம் ஆண்டு ஜூலை மாதம் ஜெனீவாவில் இருபத்தாறு தேசங்களின் பிரதிநிதிகள் கூடி, அகதி என்பவர் யார், அவர் விஷயத்தில் ஒரு ராஜ்யம் எவ்வாறு கடமைப்பட்டிருக்கிறது என்பதை வரையறுத்து ஓர் உடன்படிக்கை செய்தபோது, அவ்வரைவுக்கு உருக்கொடுத்த நாடுகளில் துருக்கியும் ஒன்றாயிருந்தது. அடுத்த மாதம் 24-ஆம் தேதியே அது கையொப்பமும் இட்டுவிட்டது. ஆனால் 1951 ஜனவரி முதல் தேதிக்கு முன் நிகழ்ந்த சம்பவங்களால் அகதியானோருக்கே பொருந்துவதாக எழுதப்பட்ட அந்த உடன்படிக்கை, அச்சம்பவங்கள் ஐரோப்பாவில் நிகழ்ந்தவை என்று மட்டும் கொள்வதா, ஐரோப்பாவிலோ வேறிடத்திலோ நிகழ்ந்தவை என்று விரித்துக் கொள்வதா என்பதை ஒவ்வொரு நாட்டின் விருப்பத்துக்கும் விட்டிருந்தது. துருக்கி குறுகிய பொருளையே தெரிந்தெடுத்தது. 1967-ஆம் ஆண்டின் நெறிமுறை ஒப்பந்தம் கால வரம்பை அகற்றியபோதும், பூகோள வரம்பை ஏற்கெனவே வைத்திருந்த நாடுகள் அதைத் தொடர்ந்து வைத்துக்கொள்ள வழிவிட்டது. அவ்வாறு இன்றும் வைத்திருப்பவை காங்கோ, மடகாஸ்கர், மொனாக்கோ, துருக்கி ஆகிய நான்கே. இவற்றுள் அந்த வரம்பு லட்சக்கணக்கான மனிதரின் கதியை நிர்ணயிப்பது துருக்கியில்தான். ஈரானியரோ, இராக்கியரோ, ஆப்கானியரோ, சோமாலியரோ துருக்கி மண்ணில் எவ்வளவு காலம் இருந்தாலும், அந்நாட்டின் சட்டம் அவர்களை முழுப் பொருளில் அகதி என்று ஏற்பதில்லை.

சட்டப் பண்டிதர்கள் இந்தப் பூகோள வரம்பைக் குறித்தே அதிகம் எழுதியிருக்கிறார்கள். அதை நான் அலட்சியம் செய்யவில்லை. ஆயினும் அபயம் கோரி வருகிறவருக்கு அதனினும் அண்மையிலிருந்து குறுக்கே நிற்பது, பார்வைக்கு மிகச் சாதாரணமான ஓர் அலுவல், அதாவது அவர் பெயரைப் பதிவேட்டில் ஏற்றுதல், என்பதே என் அபிப்பிராயம். எந்தப் பாதுகாப்பும், அது குறைந்ததோ நிறைந்ததோ, பதிவுக்குப் பிறகே தொடங்குகிறது. ஆகவே பதிவுக்கு யாரிடம், எங்கே, எத்தனை நாளுக்குள் போகவேண்டும் என்பதைத் தீர்மானிக்கிற உத்தியோகஸ்தருக்குச் சட்டத்தை இயற்றிய சபையைக் காட்டிலும் அதிகமான அதிகாரம் நடைமுறையில் வந்து சேர்ந்துவிடுகிறது. கடந்த முப்பது ஆண்டுகளில் துருக்கியில் விதிகள் பலமுறை மாறியிருக்கின்றன. பெரும்பாலும் நல்ல திசையிலேயே மாறியிருக்கின்றன. அந்த மாற்றங்களுக்கு நடுவே பதிவின் வாயில் திறந்தும் மூடியும் வந்த சரித்திரம் தனியாகச் சொல்லத்தக்கது.

துருக்கி அந்நியருக்கு முகம் கொடுக்காத தேசம் என்று எண்ணினால் அது அநியாயம். ரஷ்யாவிலிருந்து வெளியேற்றப்பட்ட டிராட்ஸ்கி 1929 முதல் நான்கு ஆண்டுகள் இஸ்தான்புல்லுக்கு எதிரேயுள்ள தீவில்தான் இருந்தார். ஹிட்லர் பதவிக்கு வந்தபின் ஜெர்மனியின் சர்வகலாசாலைகளிலிருந்து துரத்தப்பட்ட பேராசிரியர் பலருக்கு இஸ்தான்புல்லிலும் அங்காராவிலும் ஆசனம் கிடைத்தது. பின்னர் பெர்லின் நகரின் மேயராகப் புகழ்பெற்ற எர்ன்ஸ்ட் ராய்ட்டர் அங்காராவில் ஆசிரியராயிருந்தவரே. அதே துருக்கிதான், ருமேனியாவிலிருந்து யூதர்களை ஏற்றிக்கொண்டு எஞ்சின் பழுதாகி வந்த ‘ஸ்ட்ரூமா’ என்ற கப்பலை இஸ்தான்புல் துறைமுகத்தில் இரண்டு மாதங்களுக்கு மேல் நிறுத்தி வைத்து, பயணிகளைக் கரையேற விடாமல், 1942 பிப்ரவரியில் கருங்கடலுக்கு இழுத்து விட்டது. மறுநாள் அது டார்பிடோவால் தாக்கப்பட்டு மூழ்கியதில் எழுநூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். பாலஸ்தீனத்துக்குள் அவர்களை அனுமதிக்க மறுத்த பிரிட்டிஷாருக்கும் அப்பழியில் பங்குண்டு. வேண்டியவருக்குக் கதவு திறப்பதும், வழிப்போக்கரை வழியிலேயே நிறுத்துவதும் அந்தக் காலத்திலிருந்தே ஒன்றாக நடந்து வந்திருக்கின்றன. 1934-ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டம் துருக்கிய வம்சமும் கலாசாரமும் உடையோருக்கே நிரந்தரமாகக் குடியேறும் உரிமை என்று வெளிப்படையாகவே சொல்லிற்று. 1989-இல் பல்கேரியா விரட்டிய மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட துருக்கிய மக்களை நாடு வரவேற்றது அந்த நியாயப்படிதான்.

கிழக்கெல்லையின் கதை வேறு. 1979-இல் ஈரானில் புரட்சி நடந்து, தொடர்ந்து இராக்குடன் யுத்தமும் மூண்டபின், மலைகளைத் தாண்டி வந்தவர்களுக்குச் சட்டத்தில் பெயரே இல்லை. அவர்களை ஐக்கிய நாடுகள் சபையின் அகதிகளுக்கான உயர் ஆணையர் அலுவலகம் அங்காராவில் விசாரித்து, அகதி எனக் கண்டால் அமெரிக்காவுக்கோ கனடாவுக்கோ ஆஸ்திரேலியாவுக்கோ அனுப்பிவைக்கும். அதுவரை துருக்கி சகித்துக்கொள்ளும். இந்த ஏற்பாடு எழுத்தில் இல்லாமலேயே ஓடிக்கொண்டிருந்தது. 1991 வசந்தத்தில் சதாம் ஹுசேனின் சேனைக்கு அஞ்சி ஐந்து லட்சம் பேர் அளவில் குர்திய மக்கள் பனிமலை எல்லையில் வந்து குவிந்தபோது துருக்கி அவர்களைச் சமவெளிக்கு இறங்கவிடத் தயங்கிற்று. அவர்களுக்கான பாதுகாப்பு வலயம் இராக்கின் உள்ளேயே அமைக்கப்பட்டது. அந்த அதிர்ச்சியில் பிறந்ததே 1994-ஆம் ஆண்டின் ஒழுங்குவிதி.

அவ்விதியில் ஒரு நிபந்தனை இருந்தது. நாட்டுக்குள் நுழைந்தவர் ஐந்து நாட்களுக்குள், கள்ளத்தனமாக எல்லை தாண்டியவராயின் தாம் நுழைந்த எல்லைப்புற மாகாணத்திலேயே, போலீஸாரிடம் சென்று விண்ணப்பிக்க வேண்டும். தவறினால் உரிமை போயிற்று. மலைவழியில் வழிகாட்டியிடம் பணத்தையெல்லாம் கொடுத்துவிட்டு, பாஷை தெரியாத ஊரில் இறங்கி, எந்தப் போலீஸாருக்கு அஞ்சி ஒளிந்து வந்தாரோ அதே போலீஸாரை ஐந்து நாளுக்குள் ஒருவர் தேடிப்போவார் என்று எதிர்பார்த்தவர்கள் அபயம் தேடுவோரின் மனோநிலையை அறியாதவர்கள். அல்லது நன்றாக அறிந்தவர்கள். இதற்குப் பலியாகவிருந்த ஈரானியப் பெண் ஒருவர், விபசாரக் குற்றத்துக்காகக் கல்லால் அடித்துக் கொல்லப்படுவோம் என்று அஞ்சி வந்தவர், காலக்கெடு தவறியது என்ற ஒரே காரணத்தால் நாடுகடத்தலை எதிர்நோக்கி நின்றார். ஐ.நா. அலுவலகம் அவரை அகதி என்று ஒப்புக்கொண்டிருந்தது. அங்காராவின் நிர்வாக நீதிமன்றமோ அவர் மனுவைத் தள்ளிற்று. 2000 ஜூலை 11-ஆம் தேதி ஸ்ட்ராஸ்பர்க்கிலுள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், உயிர் போகும் அபாயத்தைப் பரிசீலிக்காமல் நாட்கணக்கை இயந்திரம் போலப் பிரயோகிப்பது சித்திரவதைக்கு எதிரான பாதுகாப்போடு பொருந்தாது என்று தீர்ப்பளித்தது. அதற்கு முந்தின ஆண்டே ஐந்து நாள் பத்தாகியிருந்தது; 2006-இல் அந்தக் கெடு அடியோடு எடுபட்டது.

கெடு போனாலும் இரட்டை வழி போகவில்லை. ஒருவர் அங்காராவில் ஐ.நா. அலுவலகத்தில் தம் பெயரைக் கொடுக்கவேண்டும். அரசாங்கத்திடமும் தனியாகக் கொடுக்கவேண்டும். அதன்பின் ‘துணைக்கோள் நகரங்கள்’ என்று அழைக்கப்பட்ட உள்நாட்டு ஊர்களில் ஒன்றுக்கு, கைசேரிக்கோ எஸ்கிஷெஹிருக்கோ தெனிஸ்லிக்கோ, அனுப்பப்படுவார். குறித்த நாட்களில் போலீஸ் நிலையத்துக்குப் போய்க் கையெழுத்திட வேண்டும். ஊர் எல்லை தாண்ட வழி அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். இதிலே குரூரமான வேடிக்கை ஒன்றும் நடந்துகொண்டிருந்தது. இவ்வாறு வைக்கப்பட்டவர்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை குடியிருப்பு அனுமதிக் கட்டணம் செலுத்த வேண்டியிருந்தது. உழைக்க அனுமதியில்லாத மனிதர் அதை எங்கிருந்து செலுத்துவார்? பாக்கி வட்டியும் அபராதமுமாக வளரும். பல ஆண்டு காத்திருந்து மேற்குநாடு ஒன்று ஏற்றுக்கொண்டபின், விமானம் ஏறப்போகும் தறுவாயில், பாக்கியைத் தீர்த்தாலொழிய வெளியேற அனுமதியில்லை என்று தடுக்கப்பட்ட குடும்பங்கள் உண்டு. தங்கவிட மனமில்லாத அரசாங்கமே போகவும் விடாமல் கணக்குப்புத்தகத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. பின்னால் வந்த சட்டம் இக்கட்டணத்தை ஒழித்தது.

அந்தச் சட்டமே 2013 ஏப்ரலில் நிறைவேறி, 2014 ஏப்ரல் 11 முதல் நடைமுறைக்கு வந்த 6458-ஆம் எண் சட்டம். ஸ்ட்ராஸ்பர்க்கின் தீர்ப்புகள் அடுத்தடுத்து வந்ததும், ஐரோப்பிய யூனியனில் சேரும் ஆசை அப்போது உயிரோடிருந்ததும் அதற்குக் காரணங்கள். போலீஸ் இலாகாவிலிருந்து விஷயத்தை எடுத்து, ‘கோச் இதாரேசி’ என்ற குடிபெயர்வு நிர்வாகத்தை உண்டாக்கி, 81 மாகாணங்களிலும் அதற்குக் கிளை வைத்தது இச்சட்டம். உயிருக்கு அபாயமுள்ள இடத்துக்கு எவரையும் திருப்பியனுப்பலாகாது என்ற விதி எழுத்தில் ஏறியது. கள்ளத்தனமாக வந்தவரானாலும் நியாயமான காலத்துக்குள் தாமே முன்வந்து விண்ணப்பித்தால் அதற்காகத் தண்டிக்கலாகாது என்றும் ஏறியது. பூகோள வரம்பு மட்டும் அசையவில்லை. ஐரோப்பாவிலிருந்து வருவோர் அகதி. பிற தேசத்தார் ‘நிபந்தனைக்குட்பட்ட அகதி’, அதாவது மூன்றாவது நாடொன்று ஏற்கும்வரை இருக்க அனுமதிக்கப்படுபவர். இரண்டிலும் அடங்காமல் யுத்தத்துக்கும் மரண தண்டனைக்கும் அஞ்சுபவருக்குத் துணைப் பாதுகாப்பு. கூட்டமாக வருவோருக்குத் தற்காலிகப் பாதுகாப்பு.

கடைசி வகையில் சேர்ந்தவர்களே சிரியா தேசத்தார். 2011 ஏப்ரல் 29-ஆம் தேதி ஹதாய் மாகாணத்தின் எல்லையில் இருநூற்றைம்பது பேர் அளவில் வந்த முதற்கூட்டம், பத்தாண்டுகளில் 37 லட்சமாகப் பெருகிற்று. உலகில் அகதிகளை மிக அதிகமாகத் தாங்கிய நாடு என்ற நிலை 2014 முதல் பல ஆண்டுகள் துருக்கிக்கே உரியதாயிருந்தது. தனித்தனியாக விசாரிக்காமல், சிரியாவிலிருந்து வந்தவர் என்ற ஒன்றைக் கொண்டே கூட்டமாகப் பதிவு செய்து, ‘கிம்லிக்’ என்று எல்லோரும் சொல்லும் அடையாள அட்டையைக் கையில் கொடுத்து, ஆஸ்பத்திரியையும் பள்ளிக்கூடத்தையும் திறந்துவிட்டது அவ்வரசாங்கம். இதைச் சாதித்த நாட்டைப் பார்த்து உபதேசம் செய்யும் தகுதி, ஆயிரம் பேர் வந்ததற்கே மந்திரி சபைகள் ஆட்டங்கண்ட தேசங்களுக்குக் கிடையாது. ஒரு ராஜ்யம் மனம் வைத்தால் பதிவு எவ்வளவு விரைவாக நடக்கக்கூடும் என்பதற்கு அந்த முதல் ஆண்டுகளே அத்தாட்சி.

சிரியர் அல்லாதோர் விஷயத்தில் ஐ.நா. அலுவலகம் 2018 செப்டம்பர் 10-ஆம் தேதியோடு தன் பதிவை நிறுத்திக்கொண்டது. அதுவரை அங்காராவுக்கு வந்து சேர்ந்தவர், ஐ.நா.வின் சார்பில் ஒரு துருக்கிய ஸ்தாபனம் நடத்திய அலுவலகத்தில் பெயர் கொடுத்து, இன்ன மாகாணத்துக்குப் போ என்ற தாளையும் பெற்றுக்கொள்வார். அதற்குப் பின் அவர் நேராக மாகாணக் கிளையையே அணுக வேண்டியதாயிற்று. கொள்கை ரீதியில் இதில் குற்றம் காண முடியாது: சொந்தச் சட்டமுள்ள ராஜ்யம், தன் மண்ணில் அபயம் கேட்பவரைத் தானே விசாரிப்பதுதான் முறை. ஆனால் அனுபவத்தில் நேர்ந்தது என்ன? 2018-இல் சர்வதேசப் பாதுகாப்பு கோரியவர் 1,14,537 பேர். அந்த ஆண்டு முறைகேடாக நுழைந்தோர் எனப் பிடிபட்டவர் 2,68,003 பேர். மறு ஆண்டில் பிடிபட்டவர் தொகை 4,54,662 ஆக ஏறியது. அவர்களில் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்டோர் ஆப்கானியர். பாதுகாப்பு கோரியவர் தொகையோ 56,417 ஆகப் பாதிக்கும் கீழே இறங்கிற்று. காபூலில் அமைதி திரும்பிவிட்டதாக அவ்வாண்டில் எவரும் சொல்லவில்லை. வருகிறவர் பெருகப் பெருகக் கேட்கிறவர் குறைந்தார்கள் என்றால், கேட்பதற்கான இடம் சுருங்கிவிட்டது என்றே கொள்ளவேண்டும்.

சுருங்கிய விதத்தை வழக்கறிஞர் சங்கங்களும் மனித உரிமை ஸ்தாபனங்களும் ஆண்டுதோறும் விவரித்து வருகின்றன. விண்ணப்பிக்கப் போனவரிடம், இந்த மாகாணத்தில் இடமில்லை, வேறு மாகாணத்துக்குப் போ என்பார்கள். எந்த மாகாணம் என்று எழுதித் தரமாட்டார்கள். அவர் பஸ் ஏறிப் போனால் வழியிலே அடையாள அட்டை கேட்டு நிறுத்துகிறார்கள். அட்டை வாங்கத்தான் போகிறேன் என்று சொல்வதற்கு அத்தாட்சி எங்கே? குடும்பத்தோடு வருவோருக்கு ஓரளவு இரக்கம் கிடைக்கிறது. தனியாக வரும் ஆப்கானிய வாலிபனுக்கு அது மிக அரிது. வாய்ச்சொல்லாகச் சொல்லப்படும் மறுப்பை எதிர்த்து நீதிமன்றம் போவதும் எளிதன்று. எதிர்க்கவேண்டிய உத்தரவு ஒரு தாளிலாவது இருக்கவேண்டுமல்லவா? சட்டம் பேட்டிக்கு முப்பது நாளும், தீர்மானத்துக்கு ஆறு மாதமும் குறித்திருக்கிறது. இரண்டும் பதிவான நாளிலிருந்தே எண்ணப்படுபவை. ஆகையால் பதிவுக்கு முன் கழிந்த வாரங்களும் மாதங்களும் எந்தக் கணக்கிலும் ஏறாமல் போகின்றன. தாமதத்துக்கு எவரும் பொறுப்பாளியாவதுமில்லை.

இதைவிடவும் விபரீதமாக எனக்குத் தோன்றுவது, விண்ணப்பத்தை வாங்கிக்கொள்ளும் அலுவலகமும் நாடுகடத்தும் உத்தரவைத் தயாரிக்கும் அலுவலகமும் ஒன்றாயிருப்பதே. மாகாணக் கிளை விண்ணப்பத்தை ஏற்றால் ஒருவர் விண்ணப்பதாரர். ஏற்காவிட்டால், அதே கட்டடத்தில், அவர் முறைகேடாக நுழைந்தவர். உத்தரவு பிறந்துவிட்டால் முறையிடுவதற்கு முன்பு பதினைந்து நாள் இருந்தது; 2019 டிசம்பரில் வந்த திருத்தம் அதை ஏழாக்கிற்று. அதே திருத்தம், விண்ணப்பதாரருக்கான அரசாங்க வைத்தியக் காப்பீட்டையும் பதிவிலிருந்து ஓராண்டோடு, சில விதிவிலக்குகள் நீங்கலாக, முடித்துவிட்டது. பதிவானவரும் சும்மா இருந்துவிட முடியாது: தக்க காரணமின்றித் தொடர்ந்து மூன்றுமுறை கையெழுத்துக்கு வரத் தவறினால், விண்ணப்பத்தைத் தாமே திரும்பப் பெற்றதாகக் கொள்ளப்படும். வேலைக்குப் போனால் கையெழுத்து தவறும். கையெழுத்துக்குப் போனால் கூலி தவறும்.

ஈரான் எல்லையை அடுத்த வான் என்ற நகரத்தையும் அதன் பெயரையே கொண்ட ஏரியையும் பார்த்தால் இவையெல்லாம் எங்கே கொண்டு விடுகின்றன என்பது விளங்கும். அது உப்புங்காரமும் கலந்த நீருடைய, துருக்கியிலேயே மிகப் பெரிய ஏரி. மலை தாண்டி வான் நகருக்குள் வந்தவர் மேற்கே இஸ்தான்புல் போகவேண்டுமானால், ஏரியைச் சுற்றிச் செல்லும் சாலையில் மறுகரையிலுள்ள தத்வானை நோக்கிப் போகவேண்டும். அந்தச் சாலையிலோ ‘ஜாந்தர்மா’ என்ற ராணுவப் போலீஸாரின் சோதனைச் சாவடிகள். கிம்லிக் உள்ளவருக்கே வழி அனுமதி வேண்டும். இல்லாதவருக்குச் சாலை என்பதே இல்லை. ஆகவே கடத்தல்காரர்கள் இரவில் மீன்பிடி படகுகளில் ஆட்களை அடைத்து ஏரியைக் குறுக்கே கடக்க ஆரம்பித்தார்கள். 2020 ஜூன் 27-ஆம் தேதி இரவு அத்தகைய படகு ஒன்று புயற்காற்றில் மூழ்கிற்று. வாரக்கணக்கில் தேடி, நூறு மீட்டருக்கும் அதிகமான ஆழத்திலிருந்து எடுக்கப்பட்ட உடல்கள் அறுபதுக்கும் மேல்; பெரும்பாலோர் ஆப்கானியர். கடலே இல்லாத மாகாணத்தில், தேசத்தின் உள்ளேயே, ஒரு கரையிலிருந்து மறுகரைக்குப் போகையில் இவர்கள் மாண்டார்கள். வான் நகரில் நாதியற்றோருக்கென ஓர் இடுகாடு உண்டு. பனியில் விறைத்தும் விபத்தில் சிக்கியும் இறந்த வழிப்போக்கர் பலர், இனந்தெரியாதவராக, எண் எழுதிய பலகையின் கீழ் அங்கே அடக்கமாகியிருக்கிறார்கள்.

முன்பு தாராளமாயிருந்த சிரியர் பதிவும் அப்படியே நீடிக்கவில்லை. 2018 தொடக்கத்திலிருந்து இஸ்தான்புல்லும் வேறு சில மாகாணங்களும் புதிதாக வருவோரைப் பதிவதைப் பெரும்பாலும் நிறுத்தின. 2019 ஜூலையில் இஸ்தான்புல் கவர்னர் காரியாலயம், வேறு மாகாணத்தில் பதிவானவர்கள் ஊரைவிட்டுப் போகவேண்டும் என்று கெடு விதித்தது. 2022 ஜூலையில் அந்நியர் தொகை நூற்றுக்கு இருபதைத் தாண்டிய 1,169 குடியிருப்புப் பகுதிகள் புதிய பதிவுக்கு மூடப்பட்டன. இதற்குள் லீராவின் மதிப்பு விழுந்து, வாடகை ஏறி, தேர்தல் மேடைகளில் அகதிகளை அனுப்புவதே வாக்குறுதியாகிவிட்டிருந்தது. நிர்வாகம் எழுதிய சுற்றறிக்கைகளில் வீதியின் கோபம் கேட்டது.

ஐரோப்பாவின் பங்கைச் சொல்லாமல் விடலாகாது. ஐரோப்பிய யூனியனும் துருக்கியும் 2016 மார்ச் 18-ஆம் தேதி செய்துகொண்ட ஏற்பாட்டின்படி, துருக்கியிலிருந்து கிரேக்கத் தீவுகளுக்குப் போகிறவர்களைத் துருக்கி திரும்ப ஏற்றுக்கொள்ளும். யூனியன் அகதிகளின் பொருட்டு அறுநூறு கோடி யூரோ ஒதுக்கும். துருக்கி பத்திரமான மூன்றாவது நாடு என்பதே இதன் அஸ்திவாரம். 2021 ஜூனில் கிரேக்க அரசாங்கம், சிரியா, ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், வங்காளதேசம், சோமாலியா ஆகிய ஐந்து தேசத்தாருக்கும் துருக்கி பத்திரமான நாடே என்று பிரகடனம் செய்தது. ஐரோப்பியரைத் தவிர எவரையும் அகதியென ஏற்க மறுக்கும் நாட்டுக்கு, ஐரோப்பியரல்லாத அகதிகளை ஐரோப்பாவே திருப்பி அனுப்புவதற்குச் சட்ட நியாயம் கண்டுபிடித்த சாமர்த்தியத்தை என்னென்பது! பிரஸல்ஸில் படிக்கப்படுவது 6458-ஆம் சட்டத்தின் வாசகம்; அது படிக்க நன்றாகவே இருக்கிறது. மாகாணக் கிளையின் வாசலில் சொல்லப்படும் வாய்ச்சொல் எந்த அறிக்கைக்கும் அனுபந்தமாகச் சேர்வதில்லை.

நிபந்தனைக்குட்பட்ட அகதி என்ற ஏற்பாடு முழுவதும் மூன்றாவது நாடு ஒன்று ஏற்கும் என்ற அனுமானத்தின்மேல் நிற்பது. அந்த மூன்றாவது நாடுகளில் முதன்மையானது அமெரிக்கா. 2017 ஜனவரியில் அதன் ஜனாதிபதியின் ஓர் உத்தரவால் அகதிகளை ஏற்பது நின்று, பின் மெல்ல மெல்லத் தொடர்ந்து, 2025 ஜனவரியில் மற்றோர் உத்தரவால் மறுபடி நின்றது. 2024 டிசம்பரில் பஷார் அல் அஸத்தின் ஆட்சி கவிழ்ந்தபின் சிரியர்கள் லட்சக்கணக்கில் ஊர் திரும்பத் தொடங்கியிருக்கிறார்கள்; ஈரானியருக்கும் ஆப்கானியருக்கும் அந்த வழியும் இல்லை. அவர்களில் பலர் கைசேரியிலும் தெனிஸ்லியிலும் பத்தாண்டுக்கு மேலாக இருக்கிறார்கள். பிள்ளைகள் துருக்கி பாஷையில் படித்து வளர்ந்திருக்கிறார்கள். எட்டு ஆண்டுகள் இடைவிடாது சட்டப்படி வாழ்ந்த அந்நியர் நீண்டகால வாச அனுமதி கேட்கலாம் என்கிறது சட்டத்தின் 42-ஆம் பிரிவு. அகதிக்கும், நிபந்தனைக்குட்பட்ட அகதிக்கும், துணைப் பாதுகாப்பும் தற்காலிகப் பாதுகாப்பும் பெற்றோருக்கும் அது பொருந்தாது என்பது அதே பிரிவின் அடுத்த வாக்கியம்.